துடியான பொம்பள

கும்பகோணம்
14.6.2025

சி. சீதைக்கு அண்ணா பிச்சுமணியின் ஆசீர்வாதம். இங்கே நானும் மஹேஷும் மாட்டுப்பெண் பத்மப்ரியாவும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது.

போன் பண்ணக்கூடாதா என்று கேட்பாய். காதில் வைத்த மிஷின் இப்போது தோடு மாதிரி வெறும் அலங்காரம். ஏழெட்டு வருஷமாக மந்தமாக இருந்தது, இந்தப் பொங்கலோடு முழுக்க மூடிக்கொண்டது. இடி இடித்தால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். செல்போன் எழுத்தோ எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. ஆகவே கடுதாசிதான்.

இரண்டு காரியம். முதலாவது என் அகராதி. வாத்தியார் உத்தியோகம் முடிந்த நாளிலிருந்து நம் தென்பாண்டிப் பக்கத்துச் சொற்களைச் சேர்க்கிறேன் அல்லவா, இப்போது 'துடியான' என்ற சொல்லில் வண்டி நின்றுவிட்டது. அம்பாசமுத்திரத்தில் நாம் சின்னதாக இருந்தபோது எத்தனை தடவை கேட்டிருப்போம்! இங்கே கேட்டால், "துடிப்பானதானே சார்?" என்று என்னைத் திருத்துகிறார்கள். உங்கள் மலையாள நாட்டு ஆரியசாலைக் கடைகளில் திருநெல்வேலிக்காரர்கள் நிறைய. யாராவது சொன்னால் எழுதி அனுப்பு. என் விதி உனக்குத் தெரியும். நாமாகக் கட்டிய வாக்கியம் கூடாது. நிஜமாக ஒருவர் வாயில் வந்ததாக இருக்கவேண்டும். யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது, எந்த ஊர், மூன்றும் வேண்டும்.

இரண்டாவது, நீ. மாப்பிள்ளை போய் மூன்று வருஷமாகிறது. அறுபத்து நாலு வயசில் கரமனையில் அந்த நீள வீட்டில் தனியாக என்ன பண்ணுகிறாய்? மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. தையில் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். மறுக்காதே.

அண்ணா

*

கரமனை
2.7.2025

அண்ணாவுக்கு சீதை அநேக நமஸ்காரம். நான் நன்றாக இருக்கிறேன். பெண் ஜானவி கழக்கூட்டம் ஆபீஸ் விடுதியிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து எட்டிப் பார்க்கிறாள்.

ஆரியசாலையில் மொத்தப் பருப்புக்கடை தங்கபாண்டி இருக்கிறாரே, வள்ளியூர்க்காரர், அவரிடம் கேட்டேன். கேட்ட வாய் மூடவில்லை, கொட்டிவிட்டார். "எங்க ஊர்ச் சாமி ரொம்பத் துடியான சாமி, மாமி. காலைல வேண்டிக்கிட்டா சாயந்தரத்துக்குள்ள கேட்டுரும். தப்புச் செஞ்சாலும் அன்னைக்கே கேட்டுரும்." இது சாமியைப் பற்றி. கடைப் பையனைப் பற்றி இன்னொன்று. "பய துடியா இருக்கான், மூட்டை தூக்கச் சொன்னா லாரியவே தூக்கிருவான்." இரண்டையும் எழுதிக்கொள்.

எழுத்து கோணலாக இருக்கும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று கேலி பண்ணாதே. நிஜமாகவே கை வலி. வலது மணிக்கட்டும் தோளும். உள்ளங்கையில் கொப்புளம் வேறு.

தையைப் பற்றித் தையில் பேசலாமே.

சீதை

*

கும்பகோணம்
15.7.2025

சி. சீதைக்கு ஆசீர்வாதம். எங்கள் க்ஷேமத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மணிக்கட்டு, தோள், கொப்புளம்! தேங்காய் நீயே உடைக்கிறாயா? தண்ணீர் இழுக்கிறாயா? வயசு எல்லாரையும் போல உன்னையும் பிடித்துவிட்டது. முறிவெண்ணெய் தடவிக்கொண்டு சும்மா உட்கார். இதற்குத்தான் தனியாக இருக்காதே என்கிறேன்.

தங்கபாண்டிக்கு என் நமஸ்காரம். தங்கமான வாக்கியங்கள். இந்தச் சொல்லைத் தோண்டத் தோண்ட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, கேள். துடி என்பது பழைய காலத்துக் கொட்டு, நடுவில் ஒடுங்கிய சின்னப் பறை. சண்டைக்குப் போகும்போது அடிப்பார்கள். அடிக்கிறவன் துடியன். அந்த ஒடுக்கத்தைப் பார்த்து, மெல்லிய இடுப்புக்காரிக்குத் துடியிடை என்று பேர் வைத்தார்கள் புலவர்கள். போருக்கு அடித்த கொட்டு பெண் இடுப்பில் போய் உட்கார்ந்தது! இன்னொரு பக்கம் துடிக்கிறது, கண் துடிக்கிறது, உதடு துடிக்கிறது, கரையில் போட்ட மீன் துடிக்கிறது. அதிலிருந்து வேகம், அதிலிருந்து உரம், அதிலிருந்து உடனே பலன் கொடுக்கிற சாமி.

கொட்டிலிருந்து துடிப்பு வந்ததா, துடிப்பிலிருந்து கொட்டு வந்ததா? இதுதான் எனக்கு முடிச்சு. புஸ்தகங்கள் ஆளுக்கொன்று சொல்லுகின்றன.

இன்னொன்றும் கண்டேன். ஆண்பிள்ளையைத் துடியானவன் என்றால் மெச்சுகிறார்கள். வயசுப் பெண்ணைச் சொன்னால் அது புகாராகிவிடுகிறது, "ரொம்பத் துடியா இருக்கா, அடக்கி வை" என்று. வயசான பெண்பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியமும் அகப்படவில்லை. அந்த வயசில் அந்தச் சொல் அவர்களுக்கு நின்றே போகிறது போல. எங்காவது கேட்டால் எழுது.

அண்ணா

*

கரமனை
20.8.2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே மழை, ஓணத்துக்கு முந்தின அமர்க்களம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கொப்புளம் காய்ந்து தோல் தடித்துவிட்டது.

நீ கேட்டது கிடைத்தது. போன வாரம் தங்கபாண்டி புதிதாகக் கிடங்கு திறந்தார். திறப்பு விழாவுக்குப் பெண்கள் சிங்காரி மேளம் வந்திருந்தது. தெரியாவிட்டால் சொல்லுகிறேன், எல்லாம் பெண்கள். தோளில் செண்டையை மாட்டிக்கொண்டு, ஒரே நிறத்துச் சேலையில், கால் எடுத்து வைத்து ஆடியபடியே அடிப்பார்கள். அதில் ஒரு வயசான மாமி. அவளிடம் இருந்தது வீக்கன் செண்டை, கூட்டத்துக்கே தாளம் பிடிக்கிற கனத்த கொட்டு. ஆரியசாலைச் சந்துகளெல்லாம் சுற்றி வந்தும் அவள் அதை இறக்கவில்லை. தங்கபாண்டி தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தக் கெழவியப் பாத்தியளாடே? வயசுப் பிள்ளைக மூச்சு வாங்குது, இவ கொட்ட எறக்கல. துடியான பொம்பள!"

கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது அகராதிக்கு ஆகுமா?

சீதை

*

கும்பகோணம்
1.9.2025

சி. சீதைக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம், நான் ஒருத்தன் மட்டும் இருமலிலும் அதிர்ச்சியிலும்.

ஆகுமாவாவது! முதல் வாக்கியமாகவே வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று அகப்பட்டதில்லை. கொட்டும் இருக்கிறது, துடியும் இருக்கிறது, வயசான பெண்பிள்ளையும் இருக்கிறாள்!

ஆனால் சீதை, என்ன உலகம் இது? பேரன் பேத்தி எடுக்கிற வயசில் ஒருத்தி நடுத்தெருவில் செண்டை அடித்து ஆடுகிறாளா? அவளுக்கு வீட்டு மனுஷாள் இல்லையா? அண்ணன் தம்பி என்று ஒருத்தன் இருந்தால் கேட்கமாட்டானா? படிக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. சொல்லுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

யாரைப் பற்றிச் சொன்னது என்பதை விட்டுவிட்டாயே. அவள் பெயர், வயசு, தெரு வேண்டும். பெயர் இல்லாத வாக்கியம் என் அகராதியில் ஏறாது. சீக்கிரம் விசாரித்து எழுது. நீ கிட்டப் போகாதே, யாரையாவது விட்டுக் கேள்.

அண்ணா

*

கரமனை
6.10.2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். நவராத்திரி நல்லபடியாக முடிந்தது. உன் இருமல் தேவலையா? பத்மப்ரியாவைச் சுக்குக் கஷாயம் வைத்துத் தரச் சொல்.

அந்த மாமி பெயர் கொடுக்கத் தயங்குகிறாள். அவளுக்கு ஓர் அண்ணன் உண்டாம். நல்ல மனுஷர்தானாம், தங்கை என்றால் உயிராம். ஆனால் கோபக்காரர். தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயப்படுகிறாள்.

அவள் வேண்டுமென்று போய்ச் சேரவில்லை, அண்ணா. ஆத்துக்காரர் போனபிறகு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். யார் வந்தாலும், "பாவம், எப்படி இருந்தவர்கள்" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, தானும் சேர்ந்து செத்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டு பிஜி ஒரு நாள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "மாமீ, மேளத்துக்கு ஒராள் கொறவு. வெறுதே வந்து நின்னா மதி." சும்மா வந்து நின்றால் போதும் என்றதால், எண்ணிக்கைக்கு நிற்கத்தான் போனாள். செண்டை ஆசான் ஜெயன் ஒரு புளியங்கொம்பைக் கையில் கொடுத்துக் கல்லில் தட்டச் சொன்னான். தட்டினாள். வீட்டுக்கு வந்து, அத்தனை மாசத்துக்கு அப்புறம், படுத்ததும் தூங்கினாளாம்.

தெருவில் பேசத்தான் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இதெல்லாம் கேள்விப்பட்டது. பெயர் இல்லாமல் போட முடியாதா?

சீதை

*

கும்பகோணம்
12.10.2025

சி. சீதைக்கு ஆசீர்வாதம். இருமல் போய்விட்டது.

முடியாது. விதி என்றால் விதி. பெயர் இல்லாவிட்டால் வாக்கியம் வெளியே. பக்கங்கள் தீபாவளி கழிந்ததும் அச்சகத்துக்குப் போகின்றன.

அவள் கதையைப் படித்து மனசு கொஞ்சம் இளகியது, மறைப்பானேன். ஆனாலும் தெருவில் ஆடுவது தெருவில் ஆடுவதுதான். அவள் தன் அண்ணனுக்குத்தான் பயப்படுகிறாள் என்றால், அவன் விலாசத்தை வாங்கி அனுப்பு. நான் பெரியவனாக, பக்குவமாக எழுதுகிறேன். அகராதியில் தங்கை பெயர் ஏறுவது அவனுக்கு ஒரு கௌரவம் என்று சொல்லுகிறேன்.

தைக்கு வண்டி ஏற்பாடு பண்ணிவிட்டேன். பாத்திரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வை.

அண்ணா

*

கரமனை
20.10.2025

அண்ணாவுக்கு சீதை அநேக நமஸ்காரம். கங்கா ஸ்நானம் ஆச்சா? நான் நன்றாக இருக்கிறேன். எத்தனையோ வருஷமாக இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

நீ கேட்டவை.

பெயர்: சீதாலக்ஷ்மி. வயது: அறுபத்து நான்கு. தெரு: கரமனையில் நம் தெருதான்.

அண்ணன் விலாசம்: பிச்சுமணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம். பக்குவமாக எழுதுகிறேன் என்றாயே, எழுது.

தங்கபாண்டிக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. தோளில் செண்டையோடு என்னை யார் எதிர்பார்ப்பார்? தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மாமி, கெழவின்னது மன்னிக்கணும்" என்றார். அதை விடுங்கள், இன்னொரு சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றேன்.

பேசாமலே இருந்திருக்கலாம். நீயும் தையில் வந்து ஏதோ சொல்லி அழைத்துப் போயிருப்பாய். ஆனால் பெயர் இல்லாவிட்டால் வாக்கியம் வெளியே என்று எழுதிவிட்டாயே. என்னைப் பற்றி ஒருத்தர் பாவம் என்று சொல்லாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது, அண்ணா. அதை வெளியே போக விட எனக்கு மனசு வரவில்லை.

நான் கும்பகோணம் வரமாட்டேன். உன் மேல் இருக்கிற பிரியத்தில் எள்ளளவும் குறைவில்லை. ஆனால் வந்தால் மாடி அறையில் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்காருவேன், வெள்ளை அடித்த சுவராக இருக்கும், அவ்வளவுதான்.

சீதை

*

கும்பகோணம்
8.12.2025

சீதைக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். பத்மப்ரியா என் முகத்தைப் பார்த்து ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். என்ன என்று கேட்டாள். எப்படிச் சொல்லுவேன்? இத்தனை நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அண்ணன் தம்பி கேட்கமாட்டானா என்று நானே எழுதினேனே! அதைப் படித்துவிட்டு எனக்கு இருமல் கஷாயம் எழுதி அனுப்பினாயே! எப்படி மனசு வந்தது?

இங்கே யாரோ செல்போனில் காட்டினார்கள், அங்கே வார்டு தேர்தலுக்குப் பெண்கள் செண்டை அடித்துப் போகிறார்கள். அதில் நீ இருந்தாயா? எந்தக் கட்சிக்கு? வேண்டாம், சொல்லாதே.

வாக்கியத்தை எடுத்துவிட்டேன். 'துடியான' சாமியோடும் மூட்டை தூக்குகிற பையனோடும் நிற்கட்டும்.

ஜனவரி இருபத்தைந்து ஞாயிறு வருகிறேன். கிளம்பத் தயாராக இரு.

பிச்சுமணி

*

கரமனை
17.12.2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். நீ ஆசீர்வாதம் எழுதாமல் விட்ட முதல் கடிதம் இது. அதுதான் சுட்டது. மற்றதெல்லாம் எதிர்பார்த்ததே.

தேர்தலில் இருந்தேன். கூப்பிட்ட எல்லாக் கட்சிக்கும் அடித்தோம். ஒருத்தர்கூட எங்களைக் கேட்டு ஓட்டுப் போட்டிருக்கமாட்டார், கவலைப்படாதே.

நீ தாராளமாக வா. ஆனால் அந்த ஞாயிறு இங்கே தெருக்கோடிக் கோவில் உற்சவம். நாலு மணிக்கு மேளம் புறப்படும், நான் வீட்டில் இருக்கமாட்டேன். சாவி பிஜியிடம் இருக்கும். சமையல் மேடையில் சாப்பாடு மூடி வைத்திருப்பேன். பாத்திரம் எதுவும் கட்டி வைக்கவில்லை.

வெயிலும் மழையும் சொல்லிவிட்டு வருவதில்லை. குடை எடுத்துக்கொண்டு வா.

சீதை

*

கும்பகோணம்
31.1.2026

சி. சீதைக்கு அண்ணாவின் அநேக ஆசீர்வாதம். போன தடவை விட்டதையும் சேர்த்து எழுதிக்கொள்.

உன் சாவியை பிஜி வீட்டில் யாரும் கேட்டு வரவில்லை என்பதால், அண்ணா வரவே இல்லை என்று நினைத்திருப்பாய். வந்தேன். ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோவில் உன் தெரு முனைக்கு வந்தால் ஒரே கூட்டம், வண்டி போகாது என்று ஆட்டோக்காரன் கையைக் காட்டினான். இறங்கி நின்றேன். உன்னை அந்தக் கோலத்தில் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துவரப் போகிறேன், அவ்வளவு ஆத்திரம். மூடிக் கிடந்த ஓர் இரும்புக்கடை வாசலில் ஒதுங்கி, ஷட்டரில் கையை ஊன்றிக்கொண்டேன்.

முதலில் ஷட்டர் நடுங்கியது. லாரி போகிறதோ என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. அது நடுங்கினபடியே இருந்தது. அப்புறம் என் பல்லுக்குள் வந்தது. அப்புறம் நெஞ்சுக்கூட்டுக்குள். சீதை, ஒரு வருஷமாக எனக்குள் ஒரு சத்தமும் வந்ததில்லை. மஹேஷும் பத்மப்ரியாவும் சாப்பாட்டு மேஜையில் சிரிக்கிறார்கள், என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்று உதடு அசைகிறது. எல்லாரும் ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லை என்று சொல்லுகிற வீட்டில் இருக்கிறேன். அப்படிப்பட்டவன் நெஞ்சுக்குள்ளே யாரோ இறங்கி வந்து கதவைத் தட்டின மாதிரி இருந்தது. அங்கே நின்று அழுதேன், வெட்கமில்லாமல்.

உன்னை அழைத்து வர நினைத்தது உனக்காக என்றுதான் இத்தனை நாளும் நம்பினேன். இல்லை. என் எதிரே உட்கார்ந்து நிதானமாக வாயசைத்துப் பேச எனக்கு ஒருத்தி வேண்டியிருந்தது. மாடி அறைக்கு வெள்ளை அடித்தது அதற்குத்தான்.

ஊர்வலம் என் முன்னால் வந்து நின்றுவிட்டது. ஏன் அங்கே நின்றார்கள் என்று தெரியவில்லை, உங்கள் ஊர் வழக்கமாக இருக்கும். நீ கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்ததை நீ பார்க்கவேண்டாம் என்று அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

அச்சகத்தில் பக்கத்தை நிறுத்தச் சொல்லி ஓடினேன். வாக்கியம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, முதலாவதாக, உன் பெயரோடு. கொட்டிலிருந்து துடிப்பா, துடிப்பிலிருந்து கொட்டா என்ற முடிச்சையும் அவிழ்த்துவிட்டேன். முதலில் துடிப்புதான். அதை வெளியே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டதுதான் கொட்டு. எந்தப் புஸ்தகம் மறுத்தாலும் எனக்குக் கவலையில்லை.

வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா

*

கரமனை
6.2.2026

அண்ணாவுக்கு சீதை அநேக நமஸ்காரம். கடிதத்தை ஜானவி சத்தமாகப் படித்தாள். பாதியில் அவளால் முடியவில்லை, மீதியை நானே படித்தேன்.

இங்கேயும் ஓர் அறை காலியாக இருக்கிறது, வெள்ளை மட்டும் அடிக்கவில்லை. உன் பெட்டி நிறையச் சொற்களோடு வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. எதிரே உட்கார்ந்து நிதானமாக வாயசைக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் சாயந்தரம் மட்டும் மேளப் பயிற்சி, வீட்டில் இருக்கமாட்டேன், நீயும் வந்து அந்தக் கூடத்துச் சுவரில் கை வைத்து நிற்கலாம்.

ஒன்றை மட்டும் அகராதிக்காரர் திருத்திக்கொள்ள வேண்டும். மேளம் கோவில் நடையில் நிற்கும், ஆலமரத்து மூட்டில் நிற்கும். மூடின இரும்புக்கடை வாசலில் நிற்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கக்கத்தில் குடையோடு நீ ஷட்டரில் கை ஊன்றி நின்றதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பயத்தில் ஓர் அடி தப்பியது, ஜெயன் திரும்பி முறைத்தான். அப்போது உன் இன்னொரு கை நெஞ்சுக்குப் போனது. என்ன ஆச்சு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"ஜெயா, இவிடெ நிக்கணும்" என்றேன். "எத்தர நேரம், மாமீ?" என்றான். அந்தக் குடைக்காரர் போகிறவரைக்கும் என்றேன். கண்ணை மூடிக்கொண்டது உன் அழுகையைப் பார்த்தால் கை ஓடாது என்பதால்தான்.

நீ நெஞ்சிலிருந்து கையை எடுக்கிறவரை நாங்கள் யாரும் நகரவில்லை, அண்ணா.

சீதை